அமர்ந்திருக்கும் பெண்மணியை நோக்கி அடிக்கவும்

ஓக்மியர் பார்க்லாண்ட் கோல்ஃப் கிளப்பில் இயற்கையாக அமைந்தது ஒன்றே ஒன்றுதான். அது அதன் தலைக்கனம். மற்றதெல்லாம் ஆள் வைத்துச் செய்தது. நூறு வருடத்துக்கு முன்னால், ரொறொன்ரோவின் மோர்னிங்சைட் பக்கத்தில் காடும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தை ஓர் ஆங்கிலேயக் கனவான் வாங்கினார். காட்டை வெட்டினார், சதுப்பை வடித்தார், மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் ஆக்கினார். பிறகு இங்கிலாந்துப் பிரபு ஒருவருடைய பூங்காவில் தானாக முளைத்த மாதிரித் தெரியவேண்டும் என்று ஓக் மரங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டார். எந்த மரம் எந்த இடத்தில் அலட்சியமாக நிற்கவேண்டும் என்று அளவுநாடா பிடித்து அவர் வரைந்த படம் இன்றைக்கும் கிளப் மண்டபத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. நடுவே ஒரு சிற்றோடையும் உண்டு. காலை ஆறு மணிக்கு மோட்டரைப் போட்டதும் ஓடத் தொடங்கி, இரவு எட்டு மணிக்கு நின்றுவிடும்.

இந்த இயற்கையின் ஏழாவது குழி முடிகிற இடத்தில், வேலிக்கு இந்தப் பக்கம், நவரட்ணத்தின் வீடு இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன் அதை அவருக்கு விற்றுக் கொடுத்தவன் நிசாந்தன். ஸ்காபரோவில் பாதி வீடுகளின் முன்னால், விற்பனைப் பலகையில், அவனுடைய படம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

"பின்னாலை பாருங்கோ அண்ணை, கோல்ஃப் கோர்ஸ். ஆயுசுக்கும் ஒருத்தரும் உதிலை வீடு கட்டமாட்டினம். வியூ ஃப்ரீ," என்றான்.

நவரட்ணம் வியூவைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தைப் பார்த்தார். யோகராணி மிசிசாகாவில் ஜன்னலே இல்லாத பொதிகட்டும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவள். குளிர்காலத்தில் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு, இடையில் குழல்விளக்கு. வீடு பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் சொன்னது ஒன்றுதான்.

"எனக்கு மாபிள் கிச்சினும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். ஒரு கதிரையைப் போட்டு வெயிலுக்கை இருக்க ஒரு துண்டு வளவு காணும்."

வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் துண்டு வளவுக்காகத்தான் இந்த வீடு. வேலையை விட்ட பிறகு, ஏப்ரல் பிறந்தால் ஒக்டோபர் முடியும்வரை யோகராணியை அங்கேதான் காணலாம். வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரை, சிவப்பு ஸ்வெற்றர், பக்கத்தில் மிளகாய்ச் சாடி, மடியில் ரேடியோ. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

தொந்தரவு மேலே இருந்து வந்தது. ஏழாவது குழிக்கான புல்வழி நேராகப் போகாமல் இடப்பக்கம் வளைகிறது. அந்த வளைவுக்குப் பந்தை வளைத்து அடிக்கத் தெரிந்தவர்கள் கிளப்பில் நாலைந்து பேர்தான். மற்றவர்கள் அடித்த பந்தெல்லாம் நவரட்ணத்தின் வளவுக்குள் வந்து விழுந்தது. நவரட்ணம் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் இருபத்துநாலு வருடம் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டியவர். ஒரு பெட்டி குறைந்தாலும் பிழை, கூடினாலும் பிழை என்று பழகியவர். மற்றவனுடைய சாமான் வீட்டில் கிடந்தால் அவருக்கு நித்திரை வராது. ஆகவே அவர் பந்துகளைப் பொறுக்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, பால்மா வந்த தகர ரின்னில் போட்டு, சனிக்கிழமைதோறும் வேலிக்கு மேலால் மரியோவிடம் கொடுத்தார். மரியோ அங்கே புல்வெளியைப் பராமரிக்கிற இத்தாலியன். நவரட்ணத்தை "அண்ணை" என்று கூப்பிடுகிற அளவுக்கு நல்லவன்.

சும்மா ரின்னைக் கொடுப்பது மரியாதையில்லை என்று, ஒவ்வொரு ரின்னிலும் ஒரு கடதாசித் துண்டு ஒட்டி, 'அன்புடன், நவரட்ணம் குடும்பம்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினார். கலியாண வீட்டுக்கு அன்பளிப்புக் கொண்டுபோகிற எங்கள் ஆட்கள் செய்கிற வேலைதான். அந்தத் துண்டுதான் பிற்பாடு அவருடைய கழுத்தைச் சுற்றியது.

ஒரு மே மாதத்தில் ஒரு பந்து வந்து மிளகாய்ச் சாடியை உடைத்தது. யோகராணியின் முழங்காலுக்கும் சாடிக்கும் இடையில் ஒரு முழம்தான்.

"இஞ்சாருங்கோ, போய் ஒரு வலை போடச் சொல்லுங்கோ. மண்டையிலை பட்டாப் பிறகு சொல்லிப் பிரயோசனம் இல்லை," என்றாள்.

நியாயமான கோரிக்கை. நவரட்ணம் அன்றைக்கே கிளப்புக்குப் போனார். கழுத்துப்பட்டி இல்லாத சேர்ட் என்று வாசலில் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த நாள் பட்டி வைத்த சேர்ட்டோடு போனார். காற்சட்டை ஜீன்ஸ் என்றார்கள். மூன்றாம் நாள் செத்தவீடுகளுக்குப் போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டு போனபோது உள்ளே விட்டார்கள். ஆனால் மண்டபத்தில் அவருடைய கைத்தொலைபேசி ஒரு முறை மணியடித்துவிட்டது. விதிப்படி அவர் ஏழு நாள் கழித்து வரவேண்டியிருந்தது.

ஏழு நாள் கழித்துக் கப்டன் அவரைச் சந்தித்தார். கிளப்பின் தலைவரை அங்கே கப்டன் என்பார்கள். கப்பலும் கிடையாது, படையும் கிடையாது. உயரமான, சிவந்த, மிக நல்ல பழக்கவழக்கமுள்ள மனிதர். நவரட்ணம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடிக் கேட்டார்.

"திரு. நவரட்ணம், உங்கள் கவலை என் மனதைத் தொடுகிறது. ஆனால் வலை என்பது மீன்பிடிப்பவர்களுடைய பொருள். இங்கிலாந்தின் எந்தப் பூங்காவிலும் நீங்கள் அதைக் காணமுடியாது. எங்கள் உறுப்பினர் ஒருவர் ஏழாவது குழியில் நிற்கும்போது தான் ரொறொன்ரோவில் நிற்பதை மறந்துவிட வேண்டும். அதற்குத்தான் அவர் இங்கே வருகிறார். வலையைக் கண்டால் வலைக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்பது அவருக்கு ஞாபகம் வந்துவிடும்."

"பின்னால் ஆள் இருக்கிறதுதானே, ஐயா?"

"அது எங்களுக்குத் தெரியும். தெரியாமல் இருப்பதற்குத்தான் இந்த வடிவமைப்பு," என்றார் கப்டன். நவரட்ணத்தின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கி, இதற்குப் பாரம்பரிய முறையில் ஒரு தீர்வு காண்பதாக வாக்குக் கொடுத்தார்.

தீர்வு ஒரு மரமாக வந்தது. ஜூன் மாதத்தில் இருபது உறுப்பினர்கள் பச்சைக் கோட்டுப் போட்டு வந்து, வேலிக்கு அந்தப் பக்கம், நவரட்ணத்தின் முழங்கால் உயரத்தில் ஓர் ஆங்கில ஓக் கன்றை நட்டார்கள். அது எழுபது வருடத்தில் முழுதாக வளர்ந்து பந்துகளைத் தடுக்கும் என்று கப்டன் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். நவரட்ணமும் தட்டினார். மற்றவர்கள் தட்டும்போது சும்மா நிற்க அவருக்குத் தெரியாது.

"எழுபது வரியத்திலை நான் உதின்ரை நிழலுக்கை இருக்கிறதோ, வேருக்கை கிடக்கிறதோ?" என்று யோகராணி கேட்டாள்.

"அவையள் ஏதோ செய்யினம் தானேயப்பா," என்றார் நவரட்ணம்.

கன்றை நட வந்த இடத்தில் கிளப் கொமிட்டியின் கண் வேலியில் பட்டுவிட்டது. பலகை வேலி. பிரபுக்களுடைய பூங்காவில் வேலி தெரியக்கூடாதாம். அங்கே பிரபுவின் புல்வெளிக்கும் குடியானவனுடைய மாட்டுக்கும் இடையில் ஆழமான ஒரு பள்ளம் வெட்டி விடுவார்களாம். மாளிகையில் இருந்து பார்த்தால் பச்சை விட்டுப்போகாமல் தொடுவானம்வரை ஓடும். மாடும் கிட்ட வராது. பார்வைக்குத் தடையில்லை, மாட்டுக்குத் தடை. இதை விளக்கவே மூன்று பக்கம் எடுத்த ஒரு கடிதம் வந்தது. அளந்து பார்த்ததில் வேலி எட்டு அங்குலம் கிளப்பின் நிலத்தில் நிற்பதாக நாலாவது பக்கத்தில் இருந்தது.

மரியோ இயந்திரத்தோடு வந்து வேலியைக் கழற்றிப் பள்ளம் வெட்டினான். அவனுக்கு முகத்தைத் தூக்கிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"அண்ணை, பள்ளம் வெட்டு என்றால் நான் வெட்டுவேன். எதற்கு என்று முப்பது வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டவர்கள் இப்போது இங்கே வேலையில் இல்லை," என்றான்.

வேலி இருந்தவரைக்கும் தாழப் பறந்த பந்துகளை அது மறித்தது. இப்போது அவையும் வந்தன. நவரட்ணம் கழுவுகிற பந்துகள் வாரத்துக்கு இரண்டு ரின்னாகின.

ஓகஸ்ற் மாதம் இங்கிலாந்தில் இருந்து ஒரு வடிவமைப்பாளரைக் கூப்பிட்டார்கள். நூறாண்டு விழாவுக்கு முன் பழைய அழகை மீட்டெடுக்க வேண்டுமாம். அவர் ஏழாவது குழியின் அடிமேட்டில், அதாவது முதல் அடியை அடிக்கிற மேட்டில், இரண்டு நாள் நின்றார். இந்தக் குழியில் ஒரு குறை இருக்கிறது என்றார். வளைவு இருக்கிறபடியால் ஆட்டக்காரனுக்கு எதைப் பார்த்து அடிப்பது என்று தெரிவதில்லை. இங்கிலாந்தில் என்றால் தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம் தெரியும், அதைப் பார்த்து அடிப்பார்கள். இங்கே கண்ணுக்கு ஒரு குறி இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். வேலி இல்லாத வெளிக்கு அப்பால், பச்சைக்கு நடுவில், ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. யோகராணி ரேடியோவில் மரண அறிவித்தல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவருடைய கண் கலங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். பூங்காக் காட்சி ஒன்றில் நடுத்தூரத்தில் ஓர் உருவம் அமர்ந்திருப்பது முந்நூறு வருட மரபு என்று அவர் தன் அறிக்கையில் எழுதினார். வேறெங்கும் பணம் கொடுத்து வைக்கவேண்டிய ஒன்று இங்கே தானாக அமைந்திருக்கிறது என்றும் எழுதினார்.

அந்த அறிக்கையோடு வீட்டுக்கு வந்தவன் நிசாந்தன். அவன் அந்த வருடம்தான் கிளப்பில் சேர்ந்திருந்தான். கிளப்பின் முதல் தமிழ் உறுப்பினன். அந்தப் பச்சைக் கோட்டைக் காருக்குள்ளும் கழற்றமாட்டான்.

"அக்கா, கொங்கிராற்ஸ்! நீங்கள் இப்ப டிசைனிலை ஒரு பார்ட். எங்கடை ஆக்களிலை ஒருத்தருக்கும் உந்தச் சான்ஸ் கிடைக்கேல்லை," என்றான்.

"என்ன தம்பி விசர்க்கதை கதைக்கிறாய்? நான் என்ரை வளவுக்கை இருக்கிறன்."

"அதுதான் அக்கா. அப்பிடியே இருங்கோ. கதிரையை மட்டும் ரெண்டு அடி இடப்பக்கம் நகர்த்தச் சொல்லுகினம். ஸ்வெற்றர் உதுதான் நல்லதாம், மாத்தவேண்டாமாம்."

"வலை?"

"அதையும் ஒரு சைட்டாலை புஷ் பண்ணுறன் அண்ணை. முதலிலை கோஒப்பரேற் பண்ணுவம்," என்று நவரட்ணத்தின் தோளில் தட்டிவிட்டுப் போனான். போகும்போது கதிரையை அவனே இரண்டு அடி நகர்த்தி வைத்தான்.

புதிய ஆட்டக் கையேடு செப்ரெம்பரில் வந்தது. தடித்த தாளில், தங்க விளிம்போடு, ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கம். ஏழாவது பக்கத்தில் இருந்தது இது: 'அமர்ந்திருக்கும் பெண்மணியை நோக்கி அடிக்கவும். பந்து இயல்பாக இடப்பக்கம் வளையும்.'

நவரட்ணம் அதை மூன்று தரம் வாசித்தார். பிறகு சாப்பிடாமல் போய்ப் படுத்தார். அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் கோபத்தை எந்த வாசலுக்கு எந்தச் சேர்ட்டோடு கொண்டுபோவது என்று தெரியவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கையேடு வந்த பிறகு யோகராணிக்குக் கிட்ட விழுகிற பந்துகள் குறைந்துவிட்டன. ஓக்மியர் உறுப்பினர்கள் எதைப் பார்த்து அடிக்கிறார்களோ அதில் படாது. முன்பு புல்வெளியைப் பார்த்து அடித்தார்கள், யோகராணியிடம் வந்தது. இப்போது யோகராணியைப் பார்த்து அடித்தார்கள், புல்வெளிக்குப் போனது. வடிவமைப்பாளர் ஒரு மேதை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நவரட்ணம்கூடக் கொஞ்சம் மூச்சு விட்டார்.

ஆனால் கப்டன் நன்றாக ஆடுபவர். கிளப்பில் நேராக அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்றும் சொல்லலாம். செப்ரெம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கிண்ணத்துக்கான இறுதி ஆட்டம். நல்ல வெயில். யோகராணி மடியில் சுளகை வைத்துப் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். நவரட்ணம் தண்ணீர்க் குழாயடியில் நின்றார். 'தக்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது சுளகு புல்லில் கிடந்தது. யோகராணி இடத்தோளைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தாள், சத்தம் வரவில்லை. அவர் ஓடி வந்து அவளைத் தாங்கியபோது அவளுடைய உடம்பு முழுக்க நடுங்கியது. நாற்பது வருடத்தில் அவள் நடுங்கி அவர் கண்டதில்லை. அந்த நேரத்தில் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்து பெரிய கைதட்டல் கேட்டது.

காறை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. பந்து அந்த எலும்பில் பட்டு, திரும்பி, பள்ளத்தைத் தாண்டி, புல்வெளியில் உருண்டு, குழிக்கு நாலு அடி தூரத்தில் போய் நின்றது. கப்டன் அடுத்த தட்டில் உள்ளே போட்டார். கிண்ணம் அவருக்கு.

நவரட்ணம் இந்தத் தடவை கோட்டுப் போடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போன அதே பனியனோடு கிளப் மண்டபத்துக்குள் நுழைந்தார். அவருடைய முகத்தைக் கண்டு வாசலில் நின்றவன் விலகிவிட்டான். விசாரணைக்கு உடனே ஒரு திகதி குறித்தார்கள். கப்டனைப் பற்றிய விசாரணைக்குக் கப்டனே தலைமை தாங்கினார். கிளப்பில் வேறு கப்டன் இல்லை.

"அமர்ந்திருக்கும் பெண்மணிக்கு நேர்ந்ததை நினைத்து நான் மிகவும் வருந்துகிறேன்," என்று அவர் தொடங்கினார். "பந்து எல்லைக்கு வெளியே போய் நின்றிருந்தால் எனக்கு ஓர் அடி தண்டனை கிடைத்திருக்கும். அந்த அடியைத் திரும்பவும் அடிக்க வேண்டியிருந்திருக்கும். அதை நான் மகிழ்ச்சியோடு ஏற்றிருப்பேன். ஆனால் பந்து வெளியே நிற்கவில்லை. வெளியாள் ஒருவர் மீது தற்செயலாகப் பட்டு உள்ளே வந்துவிட்டது. அப்படி வந்தால் தண்டனை இல்லை, கிடக்கிற இடத்தில் இருந்து ஆடவேண்டும். விதி மிகத் தெளிவாக இருக்கிறது. என்னைத் தண்டிக்க எனக்கும் ஆசைதான், விதி என் கையைக் கட்டிவிட்டது."

"தற்செயலா? பார்த்து அடிக்கச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருக்கிறீர்களே, ஐயா!"

"பார்த்து அடிப்பது வேறு, படும் என்று எதிர்பார்ப்பது வேறு. எங்கள் உறுப்பினர் எவருக்கும் அப்படி ஓர் எதிர்பார்ப்பு இருந்ததில்லை. ஆட்டப் புள்ளிகளை நீங்கள் பார்வையிடலாம்."

பிறகு அவர் கையைக் காட்ட, இரண்டு பேர் ஒரு துணியை விலக்கினார்கள். பின்னால் சுவர் அகலத்துக்கு ஓர் அலமாரி. தட்டுத் தட்டாகப் பால்மா ரின்கள். பதினொரு வருடத்து ரின்கள், ஒன்றுகூடத் தவறாமல், திகதி வாரியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே துண்டு. அன்புடன், நவரட்ணம் குடும்பம்.

"கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறார்கள்," என்றார் கப்டன். ஒரு ரின்னை இரண்டு கைகளாலும் தூக்கிக் காட்டினார். "பந்துகள் வருவதை விரும்பாத ஒரு குடும்பம் இப்படிச் செய்யுமா? இவர்கள் ஆட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர், பதினொரு வருடமாக ஆட்டத்தில் பங்கெடுத்தவர்கள். இந்தச் சேவையை நாங்கள் எங்கள் மரபுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறோம்."

நவரட்ணம் ஆவேசமாக எழுந்து, "அது மரியாதைக்கு, ஐயா! வேறு ஒன்றுக்கும் இல்லை!" என்றார்.

"நாங்களும் அதை மரியாதையாகத்தான் ஏற்றுக்கொள்கிறோம்," என்றார் கப்டன். வலை வேண்டும் என்ற விண்ணப்பம் எதிர்ப்பின்றி நிராகரிக்கப்பட்டது. நிசாந்தன் கை உயர்த்தும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை அவனுக்குச் சாதகமாகச் சொல்லலாம்.

நவரட்ணம் நகரத்து அலுவலகம் ஒன்றுக்கு எழுதிப் பார்த்தார். மரபுப் பதிவேட்டில் உள்ள விஷயங்களில் தாங்கள் தலையிடுவதில்லை என்று பதில் வந்தது. வீட்டை விற்றுவிடலாமா என்று நிசாந்தனைக் கேட்டார்.

"ஆர் அண்ணை வாங்குவினம்? வாங்கிறவையின்ரை மனிசியும் அதிலை இருக்கவேணும் எண்டெல்லே டிசைனிலை கிடக்கு," என்றான் அவன்.

யோகராணி அதற்குப் பிறகு வெளியே போகவில்லை. எலும்பு கோணலாகப் பொருந்தியது. இடக்கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. ஏப்ரல் வந்தது, வெயில் வந்தது. அவள் சாப்பாட்டு மேசையில் லைற்றைப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"கொஞ்ச நேரம் போய் இருமன்," என்றார் நவரட்ணம்.

"எனக்குப் பழகிப்போச்சு. பத்தொன்பது வரியம் லைற்றுக்குக் கீழை இருந்தனான் தானே," என்றாள்.

அவர் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு அழுதார். ஒரு வளவு, ஒரு கதிரை, ஒரு வெயில். இதைக்கூட மனைவிக்குக் கொடுக்க வக்கில்லாத ஆளாகிவிட்டேனே என்று அழுதார்.

கிளப்பிலும் துக்கம்தான். பெண்மணி இல்லாதபடியால் ஏழாவது குழியில் எல்லாருடைய கணக்கும் கெட்டுவிட்டது. பதினேழு உறுப்பினர்கள் எழுத்தில் முறைப்பாடு செய்தார்கள். பெண்மணியின் 'தொடர்ச்சியான வரவின்மை' குறித்துக் கவலை தெரிவித்து ஒரு கடிதம் வந்தது. அவர் வர இயலாவிட்டால் அதே உயரமும் அதே நிறமும் உள்ள வேறொருவரை அமர்த்தலாம் என்று அதில் இருந்தது. நவரட்ணம் கடிதத்தைக் கிழித்தார். கிழித்த பிறகு பயந்து ஒட்டி வைத்தார்.

ஜூனில் நிசாந்தன் ஒரு தாளோடு வந்தான்.

"அண்ணை, ஒரு நல்ல விஷயம். சிலை வைக்கப்போகினம். ஃபைபர்கிளாஸ். அக்கா மாதிரியே. நீங்கள் உதிலை ஒரு சைன் வைச்சாக் காணும்."

"எனக்கென்னத்துக்கு அவளின்ரை சிலை? அவள் உயிரோடை இருக்கிறாள்."

"அண்ணை, சொல்லுறதைக் கேளுங்கோ. சிலைக்குச் சைன் வைச்சா வலையைப் பற்றித் திரும்ப யோசிப்பம் எண்டு கப்டன் தன்ரை வாயாலை சொன்னவர். பிறொமிஸ்."

நவரட்ணம் யோகராணியைப் பார்த்தார். அவள் மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். வலை வந்தால் அவள் திரும்ப வெளியே வருவாள் என்று அவருடைய மனதில் ஓடியது. எட்டுப் பக்கத் தாள். வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். வாசித்திருந்தாலும் வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சிலை நன்றாகவே வந்தது. வளவில் யோகராணி இருந்த அதே இடம், அதே கதிரை, அதே ஸ்வெற்றர், முகம் மட்டும் கொஞ்சம் வெள்ளைக்காரி மாதிரி. உறுப்பினர்கள் மகிழ்ச்சியோடு அதைப் பார்த்து அடித்தார்கள். யோகராணி இல்லாத ஒன்பது மாதத்தில் எல்லாரும் எங்கெங்கோ அடித்துப் பழகியதாலோ என்னவோ, இந்தத் தடவை அடி சரியாகவே விழுந்தது. மூன்று வாரத்தில் சிலையின் மூக்கில் சாயம் உதிர்ந்தது. நாலாவது வாரம் கையில் ஒரு வெடிப்பு.

கொமிட்டி அன்று மாலையே அவசரமாகக் கூடியது. கிளப்பின் மரபுச் சொத்து ஒன்று கண்முன்னாலே சேதமாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று கப்டன் பேசினார். பேசும்போது மேசையில் குத்தினார். வலை எதிர்ப்பின்றி அங்கீகரிக்கப்பட்டது. பச்சை நிறத்தில், மெல்லிய நூலில், தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாத வலை இங்கிலாந்தில் கிடைக்கிறது என்று வடிவமைப்பாளர் தொலைபேசியில் சொன்னார். அது எப்போதும் கிடைத்ததாம். யாரும் கேட்கவில்லையாம்.

மரியோ வந்து இரண்டு தூண் நட்டு வலையைக் கட்டினான். இருபது அடி உயரம், ஆறு அடி அகலம். சிலைக்குச் சரியாக இருந்தது. நவரட்ணம் உள்ளே ஓடிப்போய் யோகராணியின் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெருக்கித்தான் வைக்கவேண்டியிருந்தது, ஆனால் வைக்கலாம். வலைக்குப் பின்னால் இரண்டு கதிரைக்கு இடம் இருந்தது.

மரியோ கூடைக்குள் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னான்:

"அண்ணை, கையெழுத்து வைத்த தாளின் ஏழாவது பக்கத்தைப் பார். சிலையைச் சுற்றிப் பதினைந்து அடிக்குள் ஆள் இருக்கக்கூடாது. இரண்டு பேர் தெரிந்தால் யாரைப் பார்த்து அடிப்பது என்று அவர்களுக்குக் குழப்பம் வருமாம்."

பதினைந்து அடியை அளந்து பார்த்தபோது, வளவில் மிஞ்சியது குப்பைத் தொட்டிகள் நிற்கிற மூலை. அங்கே வெயில் விழுவதில்லை.

திறப்பு விழா ஓகஸ்ற் கடைசிச் சனிக்கிழமை நடந்தது. பச்சைக் கோட்டுகள் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றன. நவரட்ணத்துக்கு முன்வரிசையில் இடம் கொடுத்து, மரியோவின் கோட்டு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டிருந்தார்கள். கப்டன் நாடாவை வெட்டினார்.

"இந்தப் பெண்மணி எங்களுக்குச் செய்த சேவைக்கு நாங்கள் கைமாறு செய்ய முடியாது. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கமுடியும். இனி இவர் மீது ஒரு பந்தும் படாது. இந்தக் கிளப் இருக்கும்வரை இவர் இந்த வெயிலில் நிம்மதியாக அமர்ந்திருப்பார்."

உறுப்பினர்களில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் கப்டன் அடிமேட்டுப் பக்கமாகச் சில அடி பின்னால் போய், சிலையைப் பார்த்துத் திரும்பி நின்று, ஒரு கண்ணை மூடி, காட்சியைப் பார்த்தார். அவருடைய புருவம் சுருங்கியது. நவரட்ணத்தை அழைத்து, காதுக்குள், மிக மென்மையாகச் சொன்னார்.

"அந்த ஜன்னலில் யாரோ நின்று பார்க்கிறார்கள் போலிருக்கிறது. சிலைக்கு நேர் பின்னால் வருகிறது, கண்ணைக் குழப்புகிறது. திரையைக் கொஞ்சம் மூடச் சொல்ல முடியுமா?"

நவரட்ணம் பள்ளத்தில் இறங்கி ஏறி, வளவைச் சுற்றி, பின்கதவால் உள்ளே போனார். யோகராணி கண்ணாடிக்குக் கிட்ட, தன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல வெயில், என்ன?" என்றாள்.

"ஓம்."

"என்னவாம் அவர்?"

நவரட்ணம் திரையின் கயிற்றில் கையை வைத்தபடி நின்றார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், வெளியே வரிசையாக நின்று இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள்.

"நீங்கள் விடுங்கோ. அது இறுக்கம், நான் இழுக்கிறன்," என்றாள். தூக்க முடிந்த ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அவளே இழுத்து மூடினாள்.